ரெட்ரோ தவறாமல் நடக்கிறது, வேலை மட்டும் மாறவில்லை: அறிகுறி வாரியாகக் கோளாறு பார்ப்பது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழு உட்காருகிறது. எது நன்றாகப் போனது, எது சொதப்பியது என்று பேசுகிறது. பலகை முழுக்க வண்ணச் சீட்டுகள். எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதே சீட்டுகள், அதே கையெழுத்தில்.

இந்த நிலையில் இருக்கும் குழுவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் இதை ரெட்ரோ என்பார்கள். மற்ற இடங்களில் ரிவ்யூ, டீப்ரீஃப், மீள்பார்வைக் கூட்டம் என்று பல பெயர். மருத்துவமனை வார்டோ, ஆசிரியர் குழுவோ, தொழிற்சாலைத் தளமோ, கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி, மாற்றத்துக்கு ஏற்ப வளைந்துகொடுத்து வேலை செய்யும் முறையான அஜைல் பற்றிய அறிக்கையை எழுதினார்கள். அதனுடன் வரும் 12 கொள்கைகளில் கடைசியானது இதைப் பற்றியதுதான்: குழு சீரான இடைவெளியில் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்ததற்கு ஏற்பத் தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வேலை சொல்லியிருக்கிறார்கள். முதல் வேலைக்குக் காலண்டரில் நேரம் ஒதுக்குகிறோம், இரண்டாவதுக்கு ஒதுக்குவதில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலான கோளாறு கூட்ட அறைக்குள் இல்லை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் கிடக்கும் நாட்களில் இருக்கிறது. கீழே எந்த அறிகுறியில் ஆரம்பித்தாலும் சுற்றி அங்கேதான் வந்து நிற்போம்.

எதையும் மாற்றுவதற்கு முன்: ஐந்து நிமிடச் சோதனை

கடைசி மூன்று கூட்டங்களின் தீர்மானங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கில் ஒரு குறி போடுங்கள்: முடிந்தது, பாதியில் நிற்கிறது, மறந்துபோனது, முடிந்ததா இல்லையா என்று யாருக்குமே தெரியாது.

தீர்மானங்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடவே ஐந்து நிமிடம் ஆகிவிட்டதா? சரி, கோளாறு கிடைத்துவிட்டது, நேராக அடுத்த பகுதிக்குப் போங்கள். பெரும்பாலும் "முடிந்தது" என்றே வருகிறது, ஆனாலும் வேலை மேம்படவில்லை என்றால் "கொஞ்ச நாளில் பழைய நிலை" என்ற பகுதியைப் பாருங்கள். தீர்மானமே எடுக்கப்படவில்லை, பேச்சு மட்டும் நடந்திருக்கிறது என்றால் நடுவில் உள்ள அறிகுறிகளில் ஒன்று பொருந்தும்.

அறிகுறி: ஒரே குறை கூட்டத்துக்குக் கூட்டம் திரும்ப வருகிறது

இதுதான் அதிகம் கண்ணில் படும் கோளாறு. காரணங்கள் பல இருக்கலாம், வரிசையாக விலக்கிக்கொண்டே போகலாம்.

முதலில் தீர்மானத்தின் வாசகத்தைப் படியுங்கள். "இனி முன்கூட்டியே சோதிப்போம்", "ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்வோம்", "ஆவணங்களில் கவனம் செலுத்துவோம்" என்றெல்லாம் இருக்கிறதா? இவை தீர்மானங்கள் இல்லை, ஆசைகள். நாளைக் காலை வந்து உட்காரும் ஒருவர் நேற்றைவிட எதை வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்று இந்த வாசகத்திலிருந்து சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் எதுவும் மாறாது.

"இனி முன்கூட்டியே சோதிப்போம்" என்பதை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: "அடுத்த இரண்டு வாரத்துக்கு, புதன்கிழமை மதியத்துக்கு மேல் எந்த வேலையும் சோதனைக்கு வராது. தாமதமானது அடுத்த சுற்றில் போகும். இதைக் கவனித்துக்கொள்பவர் இன்னார்." இப்போது ஒரு நாள் இருக்கிறது, எல்லை இருக்கிறது, ஆள் இருக்கிறது. வியாழக்கிழமை ஒருவர் வேலையைக் கொண்டுவந்து நீட்டும்போது ஒரு சின்ன உரசல் வரும். அந்த உரசல் வந்தால்தான் தீர்மானத்துக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

வாசகம் சரியாக இருக்கிறது என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே கூட்டத்தில் ஏழு தீர்மானம் எடுத்த குழு ஒன்றையும் செய்யாது. ஏழும் முக்கியமாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வழக்கமான வேலைக்கு நடுவே ஒரு குழுவால் தன் பழக்கங்களில் ஒன்றை மாற்ற முடியும், ரொம்பச் சிரமப்பட்டால் இரண்டு. மீதியைக் கிழித்துப் போடுங்கள். உண்மையிலேயே வலிக்கும் குறையாக இருந்தால் அது தானாகவே திரும்ப வரும், பயப்பட வேண்டாம். திரும்ப வராதது அவ்வளவு முக்கியம் இல்லை என்று தெரிந்துகொண்டதும் லாபம்தான்.

எண்ணிக்கையும் சரியா? அப்புறம் இடத்தைப் பாருங்கள். குழு தினமும் பார்க்கும் பட்டியல் ஒன்று இருக்கும்: டாஸ்க் போர்டு, வார்டு பலகை, வாராந்திர அட்டவணை, ஏதோ ஒன்று. தீர்மானம் அதில் ஏறியிருக்கிறதா, அல்லது யாரும் திறக்காத கூட்டக் குறிப்பில் தூங்குகிறதா? தனிப் பட்டியலில் இருக்கும் வேலை, "உண்மையான" வேலையோடு போட்டியிட்டு ஒருபோதும் ஜெயிக்காது. அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி உண்டு; அதன் 2017 பதிப்பு, முந்தைய ரெட்ரோவில் கண்டறிந்த முக்கியமான நடைமுறை மேம்பாடு ஒன்றாவது ஸ்பிரின்ட் (ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வேலைச் சுற்று) பட்டியலில் இருக்க வேண்டும் என்று சொன்னது. 2020 பதிப்பில் அதைத் தளர்த்தி, சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் விட்டுவிட்டார்கள். எனக்கு 2017 பதிப்பின் கறார்தான் பிடிக்கும். மற்ற வேலைகளைப் போலவே அதற்கும் ஓர் அட்டை, ஒரு பெயர், ஒரு மதிப்பீடு போடுங்கள். நேரம் ஒதுக்காமல் "நடுவில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அந்த நடு வரவே வராது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குறை திரும்ப வருகிறதா? அப்படியென்றால் நீங்கள் நோயைத் தொடாமல் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை கொடுக்கிறீர்கள். தாமதமாகச் சோதனைக்கு வருவதுதான் பிரச்சினையா, அல்லது ஒரே நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் நான்கு வேலை இருப்பதால் எதுவுமே முன்கூட்டி முடிவதில்லையா? ஒரு கூட்டம் முழுவதையும் இந்த ஒரு குறைக்கு மட்டும் கொடுங்கள். வேறு எந்தச் சீட்டும் பலகையில் ஏறக் கூடாது.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில். கூட்டத்தைப் புதுச் சீட்டுகளோடு ஆரம்பிக்காதீர்கள். போன முறை எடுத்த தீர்மானத்தைச் சத்தமாகப் படித்து, நடந்ததா, நடந்து என்ன ஆனது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தது. இந்த முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அறிகுறி: கூட்டத்தில் யாரும் வாயே திறப்பதில்லை

முதலில் பிரித்துப் பாருங்கள். இவர்கள் எல்லாக் கூட்டத்திலும் அமைதியா, இதில் மட்டுமா? மேலாளர் வராத நாளில் பேசுகிறார்களா? கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் வராந்தாவில் அரை மணி நேரம் பேசுகிறார்களா? பேசினால் அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே சொல்வதில் ஏதோ ஆபத்து இருப்பதாக நினைக்கிறார்கள்.

அடுத்து, கொஞ்சம் சங்கடமான கேள்வி. இந்தக் குழுவில் கடைசியாக ஒரு கசப்பான உண்மையைப் போட்டு உடைத்தவர் யார்? அதற்கப்புறம் அவருக்கு என்ன ஆனது? "நீயே எடுத்துச் செய்துவிடு" என்று அந்த வேலை அவர் தலையிலேயே கட்டப்பட்டதா? மேலாளரின் முகம் மாறியதா? வருடாந்திர மதிப்பீட்டில் "எதிர்மறை மனப்பான்மை" என்று வந்ததா? ஒருவருக்கு ஒருமுறை நடந்தால் போதும், மற்ற எல்லோரும் பாடம் படித்துவிடுவார்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது தலைகீழ்: நன்றாகச் செயல்படும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். அதிலிருந்து வளர்ந்ததுதான் உளவியல் பாதுகாப்பு பற்றிய அவருடைய 1999 ஆய்வுக் கட்டுரை. எனவே பலகையில் குறையே இல்லாத குழுவைப் பார்த்தால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை. பேச்சுக்கு முன் எழுத்து: முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் தனித்தனியே எழுதட்டும், அப்புறம் இருவர் இருவராகப் பகிரட்டும், அதற்குப் பிறகுதான் முழுக் குழு. கூச்சம் உள்ளவர் பேசத் தொடங்குவதும், எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர் கொஞ்சம் அடங்குவதும் இந்த ஒரே மாற்றத்தில் நடக்கும். மேலாளர் இருந்தால், அவர் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். தன் தவறை மட்டும் முதலில் சொல்லலாம். "அந்தத் தேதியை உங்களைக் கேட்காமல் ஒப்புக்கொண்டது என் தப்பு" என்று மேலாளர் ஆரம்பித்து வைத்தால் அறையில் காற்றே மாறிவிடும். ஆனால் அதை நடிப்பாகச் செய்தால் உடனே தெரிந்துவிடும்.

பெயரில்லாத சீட்டுப்பெட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். தற்காலிகமாக வைக்கலாம். ஆறு பேர் கொண்ட குழுவில் எழுத்து நடையை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதையும் நினைவில் வையுங்கள். அதைவிட நல்லது, நடத்துபவரை மாற்றுவது. அமெரிக்காவில் விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளைத் தாங்களே அறிவிக்கும் அமைப்பு 1976 முதல் இயங்குகிறது. அதை நடத்துவது உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ இல்லை, நாசா. தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒரே உடம்பில் இருந்தால் யாரும் பேச மாட்டார்கள் என்பது அங்கே புரிந்திருக்கிறது. உங்கள் குழுவிலும், சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரே ரெட்ரோவை நடத்துகிறார் என்றால், பக்கத்துக் குழுவிலிருந்து ஒருவரை நடத்தக் கூப்பிடுங்கள். பதிலுக்கு நீங்கள் அவர்களுக்கு நடத்திக் கொடுங்கள்.

அறிகுறி: பேச்சு கடைசியில் ஓர் ஆளின் மேல் போய் முடிகிறது

கேட்கப்படும் கேள்விகளைக் கவனியுங்கள். "ஏன் இப்படிப் பண்ணினாய்?" என்பது தமிழில் கேள்வியே இல்லை, அது திட்டு. சின்ன வயதிலிருந்து நாம் எல்லோரும் அதற்குப் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்று பழகியவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நேர்மையான விளக்கத்தை எதிர்பார்க்க முடியாது. "அந்த நேரத்தில் உங்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தது?", "திரையில் என்ன தெரிந்தது?", "அடுத்து என்ன ஆகும் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில் முற்றிலும் வேறாக இருக்கும்.

டொயோட்டாவிலிருந்து உலகெங்கும் பரவிய "ஐந்து ஏன்" முறையும் இந்தப் பள்ளத்தில் எளிதாக விழும். ஓர் உதாரணம். வாடிக்கையாளருக்குப் பழைய அறிக்கை போய்விட்டது. ஏன் போனது? அனுப்பியவர் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? அவசரம். ஏன் அவசரம்? கடைசி நேரத்தில் ஆரம்பித்தார். ஏன்? திட்டமிடவில்லை. ஏன்? அவர் எப்பவும் அப்படித்தான். ஐந்து ஏன் முடிந்தது, ஒரு மனிதரும் முடிந்தார். தீர்மானம்: "இனி கவனமாக இருக்கவும்."

அதே சம்பவத்தில் இரண்டாவது ஏனுக்குப் பதிலாக "எந்தக் கோப்புறையிலிருந்து எடுத்தார், அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டிருந்தால்? அங்கே "ஃபைனல்", "ஃபைனல் புதியது", "ஃபைனல் கடைசி", "இதுதான் ஃபைனல்" என்று நான்கு கோப்புகள் இருந்திருக்கும். நல்ல நாளில்கூட யார் வேண்டுமானாலும் தவறாக எடுக்கலாம். பெயரில் தேதி போட வேண்டும், அனுப்பி முடித்த கோப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்த வேண்டும் என்ற இரண்டு வரித் தீர்மானம் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. "கவனமாக இருக்கவும்" என்பது ஒரு வாரம் தாங்கும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி அவர் வேலையை விட்டுப் போன பிறகும் தாங்கும்.

இன்னொன்று. நடந்து முடிந்ததைப் பார்க்கும்போது "இது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டுமே" என்று தோன்றுவது மனித மூளையின் வழக்கம். பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே இதைச் சோதனைகளில் காட்டினார்: முடிவைத் தெரிந்துகொண்டவர்கள், அந்த முடிவை முன்பே எளிதாகக் கணித்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் தீர்ப்புக்கு முன் காலவரிசை. என்ன நடந்தது என்பதை மணி வாரியாகப் பலகையில் எழுதி முடிக்கும்வரை காரணம் பற்றி யாரும் பேசக் கூடாது. இது கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனாலும் தாவாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் உண்மையிலேயே மோசமாக நடந்துகொள்கிறார், சக ஊழியரை அவமதிக்கிறார், வேண்டுமென்றே விதியை மீறுகிறார் என்றால் அது ரெட்ரோவில் பேசும் விஷயமே இல்லை. கதவை மூடிக்கொண்டு தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதைப் பொதுவில் பேசினால் அவர் திருந்த மாட்டார், மற்றவர்கள் மௌனமாவார்கள்.

அறிகுறி: ஒரு மணி நேரமும் புலம்பல்தான்

மேலிடம் சரியில்லை, பக்கத்துத் துறை ஒத்துழைப்பதில்லை, கருவிகள் பழசு. எல்லாம் உண்மையாகவே இருக்கும். பத்து நிமிடம் புலம்ப விடுங்கள், ஆவி போனால்தான் மூடி திறக்கும். அப்புறம் சீட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள்: நாமே மாற்றக்கூடியது, நாம் போய்ப் பேசி மாற்ற முயலக்கூடியது, நம் கையில் இல்லாதது.

மூன்றாவது குவியலை அப்படியே ஒதுக்குங்கள். இரண்டாவதிலிருந்து ஒன்றை எடுத்து, யாரிடம், எந்த நாளுக்குள், என்ன ஆதாரத்தோடு பேசப் போகிறோம் என்று எழுதுங்கள். "அவர்கள் எப்போதும் தாமதம்" என்று போனால் சண்டை வரும். "கடைசி எட்டுக் கோரிக்கைகளில் ஐந்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, இதோ தேதிகள்" என்று போனால் பேச்சு நடக்கும். போய்ப் பேசியவர் அடுத்த கூட்டத்தில் வந்து பதிலைச் சொல்ல வேண்டும், பதில் "முடியாது" என்றாலும் சரி. கிணற்றில் போட்ட கல்லாகப் போகும் புகார்தான் அடுத்த முறை இரட்டிப்புப் புலம்பலாக வெளியே வரும்.

அறிகுறி: "எல்லாம் நன்றாகத்தான் போகிறது"

மௌனத்தின் நாகரிகமான வடிவமாக இது இருக்கலாம். அப்படியென்றால் மேலே பார்த்த பகுதி. உண்மையிலேயே நன்றாகப் போகவும் செய்யலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி, ஒப்பிட்டுப் பார்க்க எதையாவது மேசையில் வைப்பது.

அமெரிக்க ராணுவம் 1970களில் ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ என்ற முறையை உருவாக்கியது. அதன் சாரம் நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, வித்தியாசம் ஏன் வந்தது, அடுத்த முறை என்ன செய்வோம். பலர் இதில் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். உயிர்நாடி முதல் கேள்விதான். சுற்று தொடங்கும்போதே எதிர்பார்ப்பை எழுதி வைக்காத குழுவுக்கு, முடிவில் எது நடந்தாலும் நன்றாகத்தான் தெரியும். அடுத்த சுற்றின் முதல் நாளில் மூன்றே வரி எழுதுங்கள்: எதை முடிப்போம், எந்தத் தேதிக்குள், எது இடறும் என்று நினைக்கிறோம். கூட்டத்தில் அந்தத் தாளை எடுத்து வையுங்கள்.

கூடவே ஓர் எண் போதும்: ஒவ்வொரு வேலையும் யாருக்காகவோ, எதற்காகவோ எத்தனை நாள் சும்மா காத்துக் கிடந்தது? எல்லாம் நன்றாகப் போகும் குழுவில்கூட இந்த எண்ணைப் பார்த்ததும் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

அறிகுறி: விளையாட்டுகள் புதிது புதிதாக வருகின்றன, பலன் இல்லை

சீட்டுகளை ஒட்டப் பலகையில் ஒரு வாரம் பாய்மரப் படகுப் படம், ஒரு வாரம் போக்குவரத்து விளக்கு, ஒரு வாரம் நட்சத்திர மீன். நடத்துபவர் உழைக்கிறார், பாவம். ஆனால் சலிப்புக்குக் காரணம் வடிவம் என்று நினைப்பதுதான் தவறு. போன முறை சொன்னது நடந்திருந்தால் வெறும் வெள்ளைத் தாளில் கூட்டம் நடத்தினாலும் ஆட்கள் ஆர்வமாக வருவார்கள். வடிவத்தை எப்போதாவது மாற்றுங்கள், கேள்வி தேய்ந்துபோனால் மட்டும்.

அறிகுறி: வேலை நெருக்கடி வந்தால் முதலில் ரத்தாவது ரெட்ரோதான்

நெருக்கடி வாரத்தில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கும், அதுவும் ஞாபகத்தில் சூடாக இருக்கும். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் "ஏதோ சமாளித்தோம்" என்பதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வராது. ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான்.

ஆனால் ரத்து செய்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் ரத்து செய்கிறார்கள்: ஒன்றரை மணி நேரம், எட்டு பேர், பலன் பூஜ்யம். கணக்கு சரி. அதனால் முதலில் பலனைக் கொண்டுவாருங்கள், கூடவே நேரத்தைக் குறையுங்கள். ஸ்க்ரம் வழிகாட்டி ஒரு மாத ஸ்பிரின்டுக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம் என்கிறது. அது உச்சவரம்பு, அவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெருக்கடி வாரத்துக்கென்று 15 நிமிட வடிவம் ஒன்றை முன்பே தயாராக வைத்திருங்கள். நின்றுகொண்டே, இரண்டு கேள்வி: இந்த வாரம் எது நம்மை அதிகம் இழுத்தது? நாளைக்கே மாற்றக்கூடியது எது? அவ்வளவுதான்.

மேலிடத்துக்கு நியாயம் சொல்ல வேண்டியிருந்தால் ஓர் எண் இருக்கிறது. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 46 மாதிரிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து, முறையாக நடத்தப்படும் டீப்ரீஃப்கள் செயல்திறனைச் சராசரியாக 25 சதவீதம் அளவுக்கு உயர்த்துகின்றன என்று கண்டது. "முறையாக" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பழைய கூட்டங்களையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

அறிகுறி: மாற்றம் வந்தது, கொஞ்ச நாளில் பழைய நிலை

பிரசவ வைராக்கியம் என்பார்களே, அதுதான். வலி இருக்கும்வரை உறுதி இருக்கும். வலி போனதும் உறுதியும் போய்விடும். தொடர்ந்து நன்றாக வேலை செய்யும் குழுவுக்கும் அவ்வப்போது மட்டும் திருந்தும் குழுவுக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

நான் வேலை பார்த்த ஒரு குழுவில், எந்த வேலையும் வெளியே போகும் முன் இன்னொருவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மூன்று வாரம் அழகாக நடந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருந்ததே பாதிப் பேருக்கு நினைவில்லை. யாரும் எதிர்க்கவில்லை, யாரும் ரத்து செய்யவில்லை. அது கரைந்து போயிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி: முதல் விதிவிலக்கு எந்த நாள், அன்று என்ன நடந்தது? எங்கள் விஷயத்தில் அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பார்க்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார், வேலை அவசரம், அனுப்பிவிட்டோம். ஒன்றும் கெடவில்லை. ஒன்றும் கெடாததுதான் கெடுத்தது. அடுத்த வாரம் இரண்டாவது விதிவிலக்கு, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். விதியில் குறை இல்லை. பார்ப்பவர் இல்லாத நாளில் என்ன செய்வது என்று யோசிக்காததுதான் குறை. மாற்று ஆள் ஒருவரை எழுதி வைத்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

முதல் விதிவிலக்கைக் கண்டுபிடித்தபின் காரணம் பொதுவாக இவற்றில் ஒன்றாக இருக்கும்.

மாற்றம் மனிதர்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. ஞாபகத்திலிருந்து எடுத்து வேலை நடக்கும் இடத்தில் பதியுங்கள்: படிவத்தில் ஒரு கட்டம், மென்பொருளில் ஓர் அமைப்பு, பணி ஒப்படைக்கும் தாளில் ஒரு வரி. நினைத்துப் பார்த்துச் செய்ய வேண்டியது மறக்கும். செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே முடியாதது மறக்காது.

சுமை ஒருவர் தலையில் விழுந்தது. பலன் எட்டுப் பேருக்கு, உழைப்பு ஒருவருக்கு என்றால் அவர் சோர்ந்துபோகும் நாளில் மாற்றமும் சாயும். முறை வைத்து மாற்றுங்கள், அல்லது அவருடைய வேறு ஒரு வேலையைக் கழியுங்கள்.

விதிகள் குவிந்துவிட்டன. ஒவ்வொரு ரெட்ரோவும் ஒரு விதியைச் சேர்க்கிறது, எந்த ரெட்ரோவும் ஒன்றை நீக்குவதில்லை. ஒரு வருடத்தில் 20 விதி சேர்ந்தால் அவற்றில் முக்கியமான மூன்றும் கூட்டத்தோடு காணாமல் போகும். ஒவ்வொரு புது விதிக்கும் காலாவதித் தேதி போடுங்கள், ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதியில் யாராவது வாதாடி நீட்டித்தால் இருக்கட்டும். யாரும் வாதாடவில்லை என்றால் போகட்டும், வருத்தப்பட ஒன்றுமில்லை.

மாற்றம் உண்மையில் பலன் தரவில்லை, சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. இது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. இதற்கு மருந்து, மாற்றத்தைத் தொடங்கும்போதே ஒரு கணிப்பை எழுதுவது: "இப்போது வாரத்துக்கு ஆறு வேலை திருத்தத்துக்குத் திரும்பி வருகிறது. இதைச் செய்தால் மூன்றாகக் குறையும் என்று நினைக்கிறோம்." தர மேலாண்மையில் பெயர் பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங், திட்டமிடு, செய், ஆராய், செயல்படுத்து என்ற சுழற்சியில் மூன்றாவதைச் "சரிபார்" என்று சொல்வதை விரும்பவில்லை, "ஆராய்" என்றே சொல்லச் சொன்னார். நடந்ததா என்று டிக் போடுவது வேறு, நினைத்தபடி ஏன் நடந்தது அல்லது ஏன் நடக்கவில்லை என்று பார்ப்பது வேறு. ஆறு ஆறாகவே நின்றால் விதியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை முயலுங்கள். தவறிய கணிப்பு ஒன்றைப் பற்றிப் பேசும் அரை மணி நேரத்தில் குழு தன் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்வது நிறைய.

அந்த எண்ணைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலிடத்தின் மாதாந்திர அறிக்கையில் ஏறிய மறுநாளே திருத்தங்களுக்கு "சிறு மேம்பாடு" என்று பெயர் மாறிவிடும், எண் மூன்றாகக் குறைந்துவிடும்.

அறிகுறி: இவ்வளவையும் செய்து பார்த்தாயிற்று, எதுவும் நகரவில்லை

அடுத்த ரெட்ரோவை ரத்து செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அதற்கு ஒதுக்கிய நேரம் எல்லோருடைய காலண்டரிலும் ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். முதல் சோதனையில் "மறந்துபோனது" என்று குறி போட்டீர்களே, அவற்றில் மிகச் சிறியதை எடுங்கள். முழுக் குழுவும் அதே அறையில், அதே ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்து அதைச் செய்து முடியுங்கள். கோப்புறையை ஒழுங்குபடுத்துவதோ, படிவத்தில் கட்டம் சேர்ப்பதோ, அந்தப் பக்கத்துத் துறைக்கு எழுத வேண்டிய கடிதமோ, எதுவானாலும் சரி. முடிந்ததும் பலகையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் சத்தமாகப் படிக்க ஒன்று கிடைத்துவிட்டது.